எண்ணூர்த் தம்பிக்கு: அபர்தீனில் நவம்பர் மாதக் கடல்வாத்துகள்

படிக்க ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வந்திருக்கும் எண்ணூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழவேற்காட்டில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் பார்த்துப் பழகியவன். இங்கே காலையில் கடலோரம் போனால் தூரத்தில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிகின்றன. எங்கே போக வேண்டும்?"

தம்பி, இடம் சரிதான், நேரம்தான் தப்பு. காசிமேடு மாதிரியே இதுவும் கிழக்கு பார்த்த கரை. காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். நவம்பரில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கே தாழ்வாக ஊர்ந்துவிட்டு, மாத நடுவில் நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் 12 முதல் 3 வரை, வடக்கோ வடகிழக்கோ பார்த்து நில்லுங்க.

அடுத்தது ஓதம். சென்னையில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர் அளவுதான், அதனால் யாரும் கணக்கு வைப்பதில்லை. இங்கே பெரிய ஓத நாளில் 4 மீட்டரை நெருங்கும். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். கிளம்புமுன் அட்டவணை பாருங்க. பவளக்காலி, கல்திருப்பி மாதிரி நமக்குத் தெரிந்த கரைப்பறவைகள் வேண்டுமென்றால், நீர் முழுதாக ஏறுவதற்கு 2 மணி நேரம் முன்பே போய்விடுங்க. ஏறும் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

முதலில் நியூபர்க். நகரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர், பஸ் உண்டு. இத்தான் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் அங்கேதான். அங்கே ஈடர் வாத்து நிச்சயம். ஆணுக்கு முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, நெற்றியும் அலகும் ஒரே சரிவு. பெண் முழுக்கப் பழுப்புக் கோடுகள். மட்டியை ஓட்டோடு விழுங்கி, இரைப்பையிலேயே நொறுக்கிவிடும். கூட்டமாகக் கூவினால் குழாயடியில் ஊர்க்கதை கேட்ட பெரியம்மாக்கள் "ஆ...ஊ" என்பது போலிருக்கும்.

கடல் பக்கம் திரும்பினால் ஸ்கோட்டர் என்ற கடல்வாத்துகள். சாதா ஸ்கோட்டர் ஆண் முழுக் கறுப்பு, அலகில் மட்டும் மஞ்சள். அந்தக் கூட்டத்தில் வெல்வெட் ஸ்கோட்டரும் கலந்திருக்கலாம். மிதக்கும்போது பிரித்தறிவது கஷ்டம்; சிறகடிக்கும்வரை பொறுங்க, இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். நீள்வால் வாத்து சிறியது, வெள்ளையும் பழுப்புமாக இருக்கும்.

பழவேற்காட்டு ஊசிவால் தலையை மட்டும் நீரில் விட்டு வாலைத் தூக்கும். இந்தக் கடல்வாத்துகள் முழுதாக முங்கிவிடும். எண்ணும் நேரத்தில் பாதிக் கூட்டம் தண்ணீருக்கடியில் இருக்கும், மீதி அலைக்குப் பின்னால். பைனாகுலரை அங்கும் இங்கும் ஓட்டாமல் ஒரே இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்க. 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. கண்ணாடி) போதும். 10x காற்றில் ஆடும், கடையில் என்ன சொன்னாலும் சரி. ஸ்கோப் (பறவை பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் ஸ்டாண்டை உயர்த்தாமல், உட்கார்ந்து பாருங்க.

காற்று மேற்கிலிருந்து அடித்தால் கரையோரம் கடல் தணிந்திருக்கும், அன்று போங்க. கிழக்குக் காற்றில் அலை எழும்பி வாத்தெல்லாம் மறைந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் அபர்தீன் துறைமுக வாயிலில் உள்ள டோரி பேட்டரி என்ற பழைய பீரங்கிக் கோட்டை பக்கம் போய் ஓங்கில் தேடலாம். அவை ஆண்டு முழுக்க வருகின்றன.

நியூபர்க்கில் கடல்நாய்கள் எதிர்க்கரை மணலில் கூட்டமாகக் கிடக்கும். நியூபர்க் பக்கக் கரையில் நின்றே பாருங்க. அவற்றை வேண்டுமென்றே விரட்டுவது சட்டப்படி குற்றம். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்தால் நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்க. வெள்ளை ரோமக் குட்டி தனியாகக் கிடந்தாலும் தொடாதீங்க, கடலுக்குள் தள்ளாதீங்க. தாய் பக்கத்திலேயே இருக்கலாம். காயம் தெரிந்தால் விலங்கு நல அமைப்பான ஸ்காட்டிஷ் எஸ்பிசிஏவுக்குப் போன் போடுங்க.

உடுப்பில் ஒன்று மட்டும்: ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. காற்றுப் புகாத மேல்சட்டை, மெல்லிய கையுறை, அதன்மேல் தடித்தது. ஃபோகஸ் திருகும்போது தடித்ததை மட்டும் கழற்றலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, திரும்பும் நேரத்தையும் பார்த்துவிட்டே இறங்குங்க.