எப்போதும் அந்த இருவரே வெல்லும் ஆன்லைன் சிம் ரேசிங் லீக்கில் போட்டியை நியாயமாகச் சமப்படுத்துவது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: கணினியில் நிஜக் கார்ப் பந்தயத்தைப் போலவே ஓட்டும் சிம் ரேசிங்கில் பதினெட்டுப் பேர் ஓட்டும் லீக்; கார்கள் ஜிடி3, அதாவது சாலை ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவான பந்தயக் கார்கள். இரண்டு பேரே மாறி மாறி வெல்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். சீசனில் இன்னும் மூன்று பந்தயங்கள் பாக்கி. முன்னால் இருக்கும் இருவரின் காரில் எடை ஏற்றலாமா, இல்லை வேகமானவர்களைப் பின்னால் நிறுத்திப் பந்தயத்தைத் தொடங்கும் தலைகீழ் கிரிட் சரிவருமா என்று கேட்கிறார்.

எடை ஏற்ற வேண்டாம். நான் ஏற்றிப் பார்த்துச் சூடுபட்டவன்.

நாங்கள் சனிக்கிழமை இரவுகளில் அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார்ப் பந்தய விளையாட்டில் ஓட்டுகிறோம். சென்னை, கோவை, சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கும் இருபத்திரண்டு பேர். லீக்கை நடத்துகிறவன் நான். அதில் ஓட்டுகிறவனும் நான். இரண்டாவது சீசனில் உங்களுக்கு வந்திருக்கும் வியாதி எங்களுக்கும் வந்தது. அந்த விளையாட்டில் சர்வரின் ஓட்டுநர் பட்டியல் கோப்பைத் திறந்தால், ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக எத்தனை கிலோ கூடுதல் எடை, எஞ்சினுக்குள் போகும் காற்றை எவ்வளவு நெரிக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். இரண்டு எண்களைத் தட்டினால் நியாயம் பிறந்துவிடும் என்று நம்பினேன். ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்கு அடுத்த பந்தயத்தில் 30 கிலோ, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 10 என்று விதி போட்டேன்.

முன்மாதிரி இல்லாமல் செய்யவில்லை. ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத்தில், சேர்த்த புள்ளி ஒன்றுக்கு இரண்டு கிலோ என்ற கணக்கில் காரில் எடை ஏற்றுவார்கள்; சீசனின் கடைசிப் பந்தயத்தில் அதை முழுவதும் இறக்கிவிடுவார்கள். பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத் தொடரான பிடிசிசி பல ஆண்டுகள் வென்ற கார்களுக்கு எடை ஏற்றியது. 2022இல் ஹைபிரிட் கார்கள் வந்தபோதுதான் அதைக் கைவிட்டு, முன்னணியில் இருப்பவர் ஹைபிரிட் ஆற்றலைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைக்கும் முறைக்கு மாறியது.

ஆனால் அங்கே ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தொழில்முறை ஓட்டுநர்கள். ஒரே பிரிவில் முதல் காருக்கும் பத்தாவது காருக்கும் ஒரு நொடிக்குள்தான் பெரும்பாலும் வித்தியாசம் இருக்கும். எங்கள் கதை வேறு. ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்பா தடத்தில் 30 கிலோ ஏற்றியதால் எங்கள் வேகமான ஆளுக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை நொடி போனது. அவருக்கும் பன்னிரண்டாவதாக வருகிறவருக்கும் இருந்த இடைவெளி நான்கு நொடி. விளைவு என்ன? முதலாமவர் இரண்டாமவரானார், இரண்டாமவர் முதலாமவரானார். பன்னிரண்டாமவர் பன்னிரண்டாமவராகவே வீட்டுக்குப் போனார். லீக்கை விட்டுப் போய்விடுவாரோ என்று நாம் பயந்தது அவரைப் பற்றித்தானே? அவருடைய சனிக்கிழமையில் ஒரு மாற்றமும் இல்லை. நான்கு நொடியையும் எடையாலேயே அடைக்க வேண்டுமென்றால், இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்றி வேகமானவரை லாரி ஓட்ட வைக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு வெட்கக்கேடும் உண்டு. அப்போது புள்ளிப் பட்டியலில் நான் நான்காவது. மேடை ஏறும் வேகம் எனக்கு இல்லாததால் விதி என்னைத் தொடவே இல்லை. எனக்கு முன்னால் இருந்த மூவரைத்தான் பின்னுக்கு இழுத்தது. சத்தியமாக நான் அப்படி யோசித்துச் செய்யவில்லை. ஆனால் கணக்காளராக வேலை பார்க்கும் கோவைத் தம்பி ஒருவர் மூன்று பந்தயங்களின் முடிவுகளைப் பட்டியலிட்டு, "அண்ணா, இந்த விதியால் லீக்கிலேயே லாபம் கண்டது நீங்கள் ஒருவர்தான்" என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டார். பதில் சொல்ல வாய் எழவில்லை. நடத்துகிறவரும் ஓட்டுகிறவராக இருக்கும் லீக்கில், சீசன் நடுவே கையால் மாற்றும் எந்த எண்ணும் இப்படித்தான் தெரியும், மனத்தில் கள்ளம் இல்லாவிட்டாலும்.

அடுத்து வந்தது பாசாங்கு. இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்த ஒருவர், மோன்சா தடத்தின் கடைசி வளைவில் வேண்டுமென்றே அகலப் போய் மூன்றாமவருக்கு வழிவிட்டார். அடுத்த பந்தயம் சுசூகாவில். அங்கே 20 கிலோவைவிட 10 கிலோவோடு போவது அவருக்கு வசதி. விதிப்படி தவறில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அது பந்தயமாக இல்லாமல் பேரமாகிவிட்டது.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்ப்பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் ஓட்டுவார்கள். பிரிவுக்குத் தகுந்தாற்போல் தூரமும் மாறும், பரிசும் தனி. பெரிய மாட்டின் கழுத்தில் கல்லைக் கட்டிப் பூஞ்சிட்டோடு ஓடவிடலாம் என்று எந்த விழாக் குழுவும் யோசித்ததில்லை. பூஞ்சிட்டில் ஜெயித்தவன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தால், பெரிய மாட்டுக்காரனைவிட அவனுக்குச் சந்தோஷம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, லீக் நடத்தும்போது மட்டும் இது தோன்ற ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது.

மூன்றாவது சீசனில் எடையைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு பிரிவுகளாக ஆக்கினோம். சர்வர் ஒன்றே, புறப்பாடும் ஒன்றே; புள்ளிப் பட்டியலும் கோப்பையும் மட்டும் இரண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2010 முதல் இருக்கும் 25, 18, 15 என்ற அதே புள்ளிக் கணக்கு இரண்டு பட்டியலுக்கும். பன்னிரண்டாவதாக வந்தவர் திடீரென்று இரண்டாம் பிரிவில் இரண்டாவது ஆனார். பதின்மூன்றாவதாக வந்தவர் அவரைக் கடைசிச் சுற்றுவரை விரட்டினார். ரீப்ளேயில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தச் சண்டையைத்தான். முன்னால் ஒன்பது நொடி இடைவெளியில் தனியாகப் போன முதல் காரை ஒருவரும் பார்க்கவில்லை.

பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். ஒரே ஒரு வேகமான சுற்றை வைத்துப் பிரிக்காதீர்கள். அதிர்ஷ்டமும் பாசாங்கும் அதில் சுலபமாக ஒளிந்துகொள்ளும். ஃபார்முலா 1 பந்தயத்தின் 107 சதவீத விதி தெரிந்திருக்கும்: புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராதவர் பந்தயத்துக்குத் தகுதி இழப்பார். நாங்கள் அதே சதவீத யோசனையை எடுத்துக்கொண்டு, நடந்து முடிந்த பந்தயங்களில் ஒவ்வொருவரும் தொடர்ச்சியாக ஓட்டிய பத்துச் சுற்றுகளின் சராசரியோடு பொருத்தினோம். வேகமானவரின் சராசரியில் 102 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் பிரிவு. பந்தயத்தில் பத்துச் சுற்று நடிப்பது கடினம், பின்னால் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார். அப்படியும் நடித்து இரண்டாம் பிரிவுக்குள் நுழைந்தவர் அங்கே மூன்று பந்தயம் வென்றால் மேலே ஏற்றிவிடுவோம், மொத்த வரிசையில் அவர் வந்த இடங்களுக்குரிய புள்ளிகளோடு. இந்த விதியைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டதால் இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

பிரிவு முறை அன்றைய இரவைக் காப்பாற்றும்; இடைவெளியைக் குறைக்காது. அதற்கு நாங்கள் செய்தது, வென்றவர் தன் காரின் அமைப்புகள் அடங்கிய செட்டப் கோப்பு, ரீப்ளே இரண்டையும் செவ்வாய்க்கிழமைக்குள் எல்லோருக்கும் தர வேண்டும் என்ற விதி. ஃபார்முலா 1 இதையே வேறு விதமாகச் செய்கிறது. 2022 முதல் அங்கே முதலிடத்தில் உள்ள அணிக்குக் காரின் மேல் காற்று பாயும் விதத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்க நேரம், நிர்ணயித்த அடிப்படை அளவில் 70 சதவீதம்தான். இடத்துக்கு ஐந்து சதவீதமாக ஏறி, பத்தாவது அணிக்கு 115 சதவீதம் கிடைக்கும். தடத்தில் யாரையும் பிடித்து இழுப்பதில்லை. பின்தங்கியவருக்குக் கற்றுக்கொள்ள அதிக வாய்ப்பு. எனக்கு நியாயமாகப் படும் ஒரே கைதூக்கல் இந்த வகைதான்.

வேகமானவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கோப்பு கையில் வந்த பிறகு மெதுவானவர்களும் முணுமுணுத்தார்கள். வேகமானவரின் செட்டப் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கும். அவர் அந்த வழுக்கலை வைத்துக் காரைத் திருப்புகிறார், நாம் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்க்கிறோம். ஆகவே பின்சிறகை இரண்டு படி உயர்த்தி, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஒரு படி கூட்டி, ஒரு சாதுவான பிரதியையும் சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டோம். அதை வைத்துப் பன்னிரண்டாமவர் ஒரே மாதத்தில் ஒன்றரை நொடி குறைத்தார். அதில் பாதி செட்டப்பால் வந்தது. மீதி, வேகமானவர் எங்கே பிரேக்கை விடுகிறார் என்று ரீப்ளேயில் பார்த்ததால் வந்தது.

கார்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிடி3 கார்களை விளையாட்டே ஓரளவு சமப்படுத்தி வைத்திருக்கிறது. சீசனுக்கு ஒரு கார், நடுவில் மாற்றக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் நேரோட்டம் நீளமான தடத்துக்கு ஒன்று, வளைவுகள் அதிகமான தடத்துக்கு இன்னொன்று என்று நேரம் உள்ளவர் மட்டும் தாவிக்கொண்டிருப்பார்.

மோட்டாரோடு நேரடியாக இணைந்த, விலை கூடிய டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களுக்கு எடை ஏற்ற வேண்டும் என்று எங்கள் லீக்கில் ஒருவர் கேட்டார். எங்கள் லீக்கின் வேகமான ஆள், சாப்பாட்டு மேசையில் இறுக்கிய பழைய லாஜிடெக் ஸ்டீயரிங்கில் ஓட்டுகிறவர் என்பதைச் சொன்னதும் பேச்சு நின்றது.

தலைகீழ் கிரிட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபார்முலா 2 பந்தயத்தில் தகுதிச் சுற்றின் முதல் பத்துப் பேரைத் தலைகீழாக்கிச் சனிக்கிழமைக் குறும்பந்தயத்தைத் தொடங்குவார்கள். நாங்கள் மோன்சாவில் அப்படிச் செய்து, முதல் திருப்பத்திலேயே ஏழு கார்களை இழந்தோம். செய்வதானால் இருபது நிமிடக் குறும்பந்தயத்துக்கு மட்டும், அதுவும் புள்ளிப் பட்டியலைத் தலைகீழாக்குங்கள். தகுதிச் சுற்றைத் தலைகீழாக்கினால் பத்தாவது இடம் பிடிக்கப் பெரிய போட்டியே நடக்கும்.

மோசமான பந்தயங்களைக் கழித்துவிடும் முறையை யோசித்துச் செய்யுங்கள். மின்வெட்டும் பிள்ளைகளின் பரீட்சையும் எல்லார் வீட்டிலும் உண்டு, ஆகவே எட்டுப் பந்தயங்களில் சிறந்த ஏழு முடிவுகளை எடுத்துக்கொள்வது நியாயம்தான். அதிகமாகக் கழித்தால் விபரீதம். 1988 ஃபார்முலா 1 சீசனில் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டுமே கணக்கு. மொத்தமாக 105 புள்ளி எடுத்த அலைன் புரோஸ்டுக்கு 87 நின்றது. மொத்தம் 94 எடுத்த அயர்டன் சென்னாவுக்கு 90 நின்றது, பட்டமும் அவருக்கே போனது.

மோதல் புகார்களுக்கு எங்களிடம் உள்ள ஏற்பாடு: முதல் பிரிவின் மோதல்களை இரண்டாம் பிரிவைச் சேர்ந்த மூவர் தீர்ப்பார்கள், இரண்டாம் பிரிவினுடையதை முதல் பிரிவினர். மோதிய இருவரின் கணினியிலும் பதிவான ரீப்ளேயைக் கேட்டு வாங்குங்கள். பிங், அதாவது இணையத் தாமதம், அதிகமாக இருந்தால் ஒருவர் திரையில் உரசல் தெரியும், மற்றவர் திரையில் ஒரு முழம் இடைவெளி தெரியும். இருவரும் உண்மைதான் சொல்வார்கள்.

உங்கள் சீசனில் பாக்கியுள்ள மூன்று பந்தயங்களில் எதையும் மாற்றாதீர்கள். முன்னால் இருக்கும் இருவரும் இருக்கிற விதியை நம்பித்தான் பயிற்சி செய்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அந்த மூன்றிலும் பதினெட்டுப் பேரின் பத்துச் சுற்றுச் சராசரியைக் குறித்து வைத்துக்கொண்டே வாருங்கள். கடைசிப் பந்தயம் முடிந்த மறுநாள் பட்டியலை வெளியிட்டு, எங்கே கோடு போடுவது என்று எல்லோரிடமும் கேளுங்கள். கோட்டுக்குச் சற்று மேலே வரும் ஒருவர், தன்னைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சுவார். எங்கள் லீக்கில் அது நான்தான். போடவில்லை.