ஏஎன்ஏ நெகட்டிவ் என்றால் நரம்புக் கோளாறுக்கு ஆட்டோஇம்யூன் காரணம் இல்லையா?

பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, சர்க்கரையும் இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குகிறதா (ஆட்டோஇம்யூன்) என்று அறிய, செல்லின் கருவை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தச் சோதனைதான் ஏஎன்ஏ. அது நெகட்டிவ் வந்ததால் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

ஏஎன்ஏ ஒரு பெருங்கண் சல்லடை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சுமார் 5 சதவீதம் பேருக்கு 1:160 அளவில் (சீரத்தை 160 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும்) பாசிட்டிவ் வரும். மறுபக்கம், ஷோகிரன் நோய் (கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்) இருந்தும் நெகட்டிவ் வரலாம். கண்ணும் வாயும் வறண்டிருந்தால் எஸ்எஸ்ஏ, எஸ்எஸ்பி ஆன்டிபாடிகளைத் தனியாகக் கேளுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் உதட்டின் உட்புறத்தில் சிறு பயாப்ஸி எடுத்துப் பார்ப்பதுண்டு.

ஒரு கால் பாதம் திடீரென்று தொங்கிப்போய், அப்புறம் வேறொரு நரம்பும் விழுந்தால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டும்: ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் சோதனை), ஆன்கா (ரத்தக்குழாய் அழற்சியில் வரும் ஆன்டிபாடி), ஹெபடைட்டிஸ் சி, கிரையோகுளோபுலின் (குளிர்ந்தால் படியும் ரத்தப் புரதம்). கடைசியானதற்கு ரத்தம் உறைந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். குழாயைச் சாதாரணமாக மேஜையில் வைத்துவிட்டால், இருக்கும் புரதமும் படிந்துபோய் பொய் நெகட்டிவ் வரும்.

சிஐடிபி (நரம்பின் மேலுறையை நோய் எதிர்ப்புச் சக்தி மெல்லத் தாக்கும் நோய்) என்றால் பெரும்பாலும் ரத்தத்தில் எதுவும் தெரியாது. நரம்புக் கடத்தல் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். பி12, இம்யூனோஃபிக்சேஷன் (ரத்தத்தில் அசாதாரண ஆன்டிபாடி புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டும் பார்த்தாயிற்றா? என் கணக்கில் ஏஎன்ஏவுக்கு முன்பே பார்க்க வேண்டியவை அவை.