குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பறந்து போக முடியுமா?

"பறக்கும் கார் எப்போது வரும்? வந்தால் நம்மைப் போன்றவர்கள் வாங்கி ஓட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது வந்து எழுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் என்பவர் 1949இல் ஏரோகார் என்ற ஒன்றைச் செய்தார். இறக்கையைப் பூட்டினால் பறக்கும். கழற்றிப் பின்னால் கட்டி இழுத்தால் வீதியில் ஓடும். 1956இல் அரசின் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் மொத்தத்தில் செய்யப்பட்டவை ஆறே ஆறு. வருவது ஒன்று, நம் வாசலுக்கு வருவது வேறொன்று.

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடியில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். அம்மா இருப்பது வாவிக்கு அக்கரையில், மண்டூரில். ஆகவே ஞாயிறு தோறும் குருமண்வெளித்துறையில் பாதைக்குக் காத்து நிற்பவன். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே பாதை என்றால் வீதி அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகு.) பாதை அக்கரையில் நிற்க, நான் இக்கரையில் வெயிலில் நிற்க, பறந்து போனால் என்ன என்று எண்ணாத ஞாயிறு இல்லை. அதனால் இந்த விஷயத்தை வேடிக்கைக்காக மட்டும் படிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் கிளைன் உருவாக்கிய ஏர்கார். 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து இறங்கியது. இரண்டேகால் நிமிடத்தில் இறக்கையை மடித்துக்கொண்டு, காராகவே நகருக்குள் ஓடியது. உள்ளே இருந்தது 160 குதிரைவலு கொண்ட பிஎம்டபிள்யூ இயந்திரம். அதைக் கழற்றிப் பார்க்க எனக்கும் கை துறுதுறுக்கிறது.

ஆனால் அது எழும்ப ஓடுபாதை வேண்டும். எங்களுக்குக் கிட்டிய ஓடுபாதை மட்டக்களப்பு நகரருகே, திமிலைதீவில். நான் இங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் வடக்கே ஓடி, அங்கே எழும்பி, அவ்வளவு தூரமும் தெற்கே திரும்பிப் பறந்து, கண்ணுக்கு எதிரே தெரிகிற மண்டூரில் இறங்க வேண்டும். அதுவும் யாருடைய வயலில்? கதிர் முற்றிய நேரத்தில் சில்லு பதித்தால் வயல் சொந்தக்காரரான போடியாருக்கு யார் பதில் சொல்வது? இத்தனைக்கும் ஓட்டுபவரிடம் விமானி அனுமதிப்பத்திரமும் இருக்க வேண்டும்.

நின்ற இடத்திலிருந்தே எழும்பும் வகைக்கு ஓடுபாதை தேவையில்லை. அங்கே வேறு சிக்கல். ஒரு பாரம் காற்றில் நிற்க வேண்டுமானால் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான விசிறியால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் குறைந்த வலு போதும். சிறிய விசிறியால் கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளினால் வலு எகிறிவிடும். ஹெலிகொப்டரின் தகடுகள் அவ்வளவு நீளமாக இருப்பது இதனால்தான். காராகவும் ஓட வேண்டும் என்றால் அகலம் வீதிக்குள் அடங்க வேண்டும். மோதலைத் தாங்கும் உடம்பு வேண்டும் என்கிறது கார்; பாரத்தைக் குறை என்கிறது விமானம். இரண்டு மாமியாருக்கு ஒரு மருமகள்.

மின்சாரத்தில் ஓட்டினால் இன்னும் இறுக்கம். ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 12 யூனிட் சக்தி இருக்கிறது. மின்பட்டியலில் வருகிற அதே யூனிட்தான். இயந்திரம் அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக வீணாக்கினாலும் நான்கு மிஞ்சும். ஒரு கிலோ லித்தியம் பற்றரியில் இருப்பது கால் யூனிட் அளவுதான். தரையில் ஓடும் வண்டி பாரத்தைச் சில்லின் மேல் போட்டுவிடும். காற்றில் அந்தப் பாரத்தையும் பற்றரியே தூக்க வேண்டும்.

சீனாவின் ஈஹாங் நிறுவனம் செய்த, விமானி இல்லாத இருவர் வாகனத்துக்கு 2023 ஒக்டோபரில் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. அது போகும் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், அறிவித்த விலை 23.9 இலட்சம் யுவான். ஜேர்மனியில் இத்தகைய வாகனங்களைச் செய்ய முனைந்த லிலியம், வோலோகொப்டர் இரண்டும் 2024இல் கடனடைக்க முடியாமல் நீதிமன்றம் போயின. நீங்களும் நானும் வாங்குவதா? இல்லை. வந்தால் வாடகைக்கு, குறித்த இரு இடங்களுக்கு நடுவே வரும்.

எனக்கு 30 கிலோமீற்றர் கூட வேண்டாம், வாவியைத் தாண்டினால் போதும் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. கடும் காற்றில் பாதை ஓடவில்லை. சுற்றி வரும் வெல்லாவெளிப் பக்கத்து வீதியில் இடுப்பளவு வெள்ளம். அன்றைய காற்றில் விசிறி வைத்த எந்தச் சிறு வாகனமும் எழும்பியிருக்காது. எங்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிற நாளும் அது பறக்க முடியாத நாளும் ஒன்றுதான். அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தது பக்கத்து வீட்டு உழவு இயந்திரம். பெட்டிக்குள் பாய் விரித்து, மேலே தறப்பாள் பிடித்துக்கொண்டு பட்டிருப்புப் பாலம் வரை வந்தோம்.

நம் தெருவுக்கு நிச்சயமாக வருவது மின்சார மோட்டார் சைக்கிள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் வாங்கியவர்கள்தான் இன்று கராஜுக்கு வந்து அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். நானும் பழகிக்கொண்டிருக்கிறேன், கார்பன் பிடித்த ப்ளக் இல்லாத வண்டியில் எனக்கு இன்னும் கை ஓடவில்லை.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே காற்று அடங்கிய நாளில் பறக்கும் வாடகை வாகனம் விட்டால் ஒரு முறை ஏறிப் பார்ப்பேன். இரண்டாம் முறை யோசிப்பேன். மண்டூர்த்துறையிலிருந்து அம்மா வீடு இரண்டு கிலோமீற்றர் உள்ளே. பாதையில் என்றால் என் மோட்டார் சைக்கிளும் கூடவே வரும்.