பழைய கணினியில் சரியாக ஓடிய ப்ராஜெக்ட், புது லேப்டாப்பில் கரகரக்கிறது. கோளாறு பிளக்-இன்னிலா, கணினியிலா?

பழைய டெஸ்க்டாப்பிலிருந்து விண்டோஸ் 11 உள்ள புது ஐ7 லேப்டாப்புக்கு மாறியிருக்கிறீர்கள். ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளில் அதே ப்ராஜெக்ட், அதே பிளக்-இன்கள் (ஒலியை உருவாக்கவோ மாற்றவோ அதற்குள் செருகும் சிறு மென்பொருள்கள்). "சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, ஆனாலும் டப் டப்பென்று வெடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிராசஸர் சும்மாதானே இருக்கிறது, அப்படியானால் பிளக்-இன்தான் கெட்டிருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்து மறுபடி நிறுவ ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை. கரகரப்பு வரும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ஃபுல் ஸ்பீட் ஆஃப்லைன்' முறையில் வேவ் கோப்பாக ரெண்டர் செய்யுங்கள், அதாவது நேரடியாக ஒலிக்கவிடாமல் ஒலிக்கோப்பாக எடுங்கள். அதைப் போனில் போட்டு ஹெட்போனில் கேளுங்கள். கோப்பு சுத்தமாக இருந்தால், பிளக்-இன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது; குறித்த நேரத்துக்குள் முடிக்கத்தான் கணினி விடவில்லை. கோப்பிலேயே வெடிப்பு பதிவாகியிருந்தால் பிளக்-இன்னைச் சந்தேகிக்கலாம். என் அனுபவத்தில் கணினி மாற்றியவர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி முதல் வகை.

சிபியு மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது? 48,000 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 48,000 ஒலித்துளிகள்) 128 பஃபர் (ஒரு தடவைக்கு 128 துளிகள்) வைத்திருந்தால், ஒவ்வொரு 2.67 மில்லி விநாடிக்குள்ளும் எல்லா ட்ராக்கும் எல்லா பிளக்-இன்னும் வேலையை முடித்தாக வேண்டும். விநாடிக்கு 375 முறை இப்படி. டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. அந்த 375-ல் ஒன்று தாமதமானாலும் காதில் 'டப்' கேட்கும், மீட்டரோ அசையாது. ரீப்பரில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்து 'ஆர்டி சிபியு' எண்ணையும் (நேரக்கெடுவுள்ள ஆடியோ வேலையின் சுமை) 'எக்ஸ்ரன்' எண்ணிக்கையையும் (கெடு தவறிய தடவைகள்) பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும்.

இன்னொன்று. ஒரு ட்ராக்கில் வரிசையாக இருக்கும் ஆம்ப், ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். முந்தையதன் வெளியீடு வராமல் அடுத்தது தொடங்காது. எத்தனை கோர் இருந்தாலும் அந்த வரிசைக்கு உதவாது. மாஸ்டரில் கனமான பிளக்-இன்களை அடுக்கியிருந்தால் இது உடனே வெளிப்படும். ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி) மானிட்டர் பண்ணும் (நேரலையாகக் கேட்கும்) ட்ராக்கில் மட்டும் வெடிக்கிறதா? ரீப்பர் மற்ற ட்ராக்குகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். நேரலையாக வரும் சத்தத்தை அப்படிச் செய்ய முடியாது. ரெக்கார்டிங்கின்போது அந்த ட்ராக்கில் பிளக்-இன்களைக் குறையுங்கள்.

எல்லா ட்ராக்கிலும், நேரம் காலமில்லாமல் வெடிக்கிறது என்றால் டிரைவரை, அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருளைத் தேடுங்கள். முதலில், ஆடியோ செட்டிங்ஸில் உங்கள் இன்டர்ஃபேஸின் (மைக், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சொந்த ஏசியோ டிரைவர்தான் (தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர்) தேர்வாகியிருக்கிறதா? புது கணினியில் அதை நிறுவாமல் விட்டிருந்தால், மென்பொருள் விண்டோஸின் பொது வழியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து லேட்டன்சிமான் என்ற கருவியை இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ஏதாவது ஒரு டிரைவர் பிராசஸரை ஓரிரு மில்லி விநாடி பிடித்துவைத்துக்கொண்டால், ஆடியோ காத்திருக்க வேண்டியதுதான். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்தது என்று அது பட்டியல் போடும். லேப்டாப்புகளில் வழக்கமாக மாட்டுவது வைஃபை, கிராபிக்ஸ், பேட்டரி நிலையை அடிக்கடி விசாரிக்கும் ஏசிபிஐ என்ற மின்சக்தி நிர்வாக டிரைவர். வைஃபையை அணைத்ததும் சத்தம் நின்றால் அந்த டிரைவரைப் புதுப்பியுங்கள், இல்லை ரெக்கார்டிங் முடியும்வரை அணைத்தே வையுங்கள்.

பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். லேப்டாப்போடு வந்த செயலியில் 'சைலன்ட்' மோடு இருந்தால் அதையும் பாருங்கள். பல லேப்டாப்புகளில் அது விண்டோஸ் அமைப்பை மீறிப் பிராசஸரை அடக்கிவிடும். மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி சாதனங்களைத் தூங்கவைக்கும் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை' நிறுத்துங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக இல்லாமல் நேராகச் செருகுங்கள். இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான சிப்புகளில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகை உண்டு. பழைய பதிப்பு மென்பொருள் ஆடியோ வேலையைச் சிக்கனமான கோரில் தள்ளிவிடக்கூடும். பயாஸில் போய் அவற்றை முடக்கும் முன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். யூடியூபில் நாற்பது சர்வீஸ்களை நிறுத்தச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். ரேம் கூட்டினால் சரியாகும் என்று கடையில் சொல்வார்கள். பெரிய சாம்பிள் லைப்ரரிக்கு (பதிவுசெய்த வாத்திய ஒலித் தொகுப்பு) அது உதவும், இந்த வெடிப்புக்கு உதவாது.

கான்டாக்ட் போன்ற, சாம்பிள்களை வாசிக்கும் பிளக்-இன்களில் சுரங்கள் நடுவில் அறுந்துபோனால் சாம்பிள் இருக்கும் டிஸ்க்கைப் பாருங்கள். வெளி டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி 2 கேபிளில் மாட்டியிருக்கலாம். அந்த ஃபோல்டரை விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பாட்டு நின்றபின், ரிவெர்ப் வால் தேய்ந்து அடங்கும் நேரத்தில் சிபியு எகிறினால் அது வேறு கதை. அளவுக்கு மீறிச் சிறிய எண்களைக் கையாள பிராசஸர் திணறுவதால் வருவது. பழைய பிளக்-இன்களில் பார்க்கலாம். புதிய பதிப்பு இல்லையென்றால் அந்த ட்ராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது பிளக்-இன் ஓடாதபடி ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள்.

இனி, ரெண்டர் கோப்பிலேயே கோளாறு இருந்தால். முதல் சந்தேகம் லைசென்ஸ். கணினி மாறியதும் அனுமதி போய், பிளக்-இன் சோதனைப் பதிப்பாக மாறியிருக்கும். பல சோதனைப் பதிப்புகள் இடையிடையே இரைச்சலையோ மௌனத்தையோ வேண்டுமென்றே செருகும். கோளாறு ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால் பெரும்பாலும் இதுதான். அடுத்தது 32 பிட் பிளக்-இன்கள். 64 பிட் மென்பொருளில் பாலம் போட்டு ஓட்டினாலும் அவை தகராறு செய்யும். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் என்றால் அந்த பிளக்-இன்னின் ராப்பரில் (அதைச் சுற்றியுள்ள அமைப்புச் சாளரம்) 'யூஸ் ஃபிக்ஸ்ட் சைஸ் பஃபர்ஸ்' என்பதை இயக்கிப் பாருங்கள். மாறும் அளவில் வரும் பஃபரைச் சில பிளக்-இன்களால் தாங்க முடிவதில்லை.

குற்றவாளி எதுவென்று தெரியவில்லையா? ஒவ்வொன்றாக அணைக்காமல் பாதியை அணையுங்கள். சத்தம் நின்றால் அந்தப் பாதியில், நிற்காவிட்டால் மறுபாதியில். பதினாறு பிளக்-இன் இருந்தாலும் நாலு தடவையில் பிடித்துவிடலாம். பிடிபட்டதை ரீப்பரில் 'டெடிகேட்டட் ப்ராசஸ்' ஆக, அதாவது ரீப்பரிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டினால் சில சமயம் அடங்கிவிடும்.

மேக் பக்கம் மாறியவர்களுக்கு: 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் எல்லா ஆப்பிள் சிப்பிலும், இன்டெலுக்காக மட்டும் எழுதிய பிளக்-இன் வேலை செய்ய, பொதுவாக மென்பொருள் முழுவதையும் ரோசெட்டாவில் (இன்டெல் மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் வசதி) திறக்க வேண்டும். 32 பிட் என்றால் 2019-ல் வந்த கேட்டலினாவிலேயே கதை முடிந்தது.

பழைய கணினியை உடனே விற்றுவிடாதீர்கள். பழைய பிளக்-இன் வடிவமான விஎஸ்டி2-இன் தயாரிப்புக் கருவியை, அதை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018-லேயே நிறுத்திவிட்டது. இப்போது பல இன்ஸ்டாலர்கள் அடுத்த வடிவமான விஎஸ்டி3-ஐ மட்டுமே போடுகின்றன. பழைய ப்ராஜெக்டில் இருக்கும் விஎஸ்டி2 அமைப்புகளை எல்லா மென்பொருளும் தானாக மாற்றித் தராது. அந்தக் கணினியிலேயே ப்ரீசெட்டுகளைச் சேமித்து, ஒவ்வொரு ட்ராக்கையும் வேவாக எடுத்து வைத்து, லைசென்ஸ்களை டீஆக்டிவேட் செய்த பிறகு கொடுங்கள். அதுவரை மிக்ஸ் வேலை நிற்கக் கூடாதென்றால் பஃபரை 1024-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். 21 மில்லி விநாடி தாமதம் மிக்ஸிங்கில் உறுத்தாது. பாடுபவரை மானிட்டர் செய்யும்போது மட்டும் 128-க்கு இறக்குங்கள்.