கஞ்சா மருந்தும் சட்டமும்: வாசகர் கேள்விகள்

சட்டப் புத்தகங்கள் தவிர என்ன படிப்பீர்கள்? மிகவும் பிடித்தது எது?

நாவல்களும் படிப்பேன். ஆனால் அலமாரியிலிருந்து அடிக்கடி கையில் எடுப்பது, 1894-இல் வந்த கஞ்சா ஆணைய அறிக்கை. இந்தியாவில் கஞ்சாவால் என்ன கேடு என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, 1893-இல் ஏழு பேர் குழு அமைத்தார்கள். மூவர் இந்தியர். 1,193 சாட்சிகள்.

எனக்கு உயிர் அதன் மனநலக் காப்பகப் பகுதிதான். கஞ்சாவால் பைத்தியம் பிடித்தவர்கள் காப்பகங்களில் நிரம்பிக் கிடப்பதாக அன்று பேச்சு. குழு பதிவேடுகளைப் புரட்டியது. ஆளைச் சேர்க்கும்போது தரும் படிவத்தில் நோய்க்கான காரணத்தை எழுத ஒரு கட்டம் உண்டு. காரணம் தெரியாதபோது போலீஸார் ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார்கள். காப்பகம் அதை அப்படியே பதியும், ஆண்டறிக்கையும் அதையே சொல்லும். 1892-இல் அப்படிக் கணக்கில் வந்த 222 பேரை ஒவ்வொருவராக மறுபடி விசாரித்தபோது, 98 பேருக்குத்தான் தொடர்பு இருக்கலாம் என்று தெரிந்தது. அளவு மீறினால் கெடுதல்தான் என்றும் குழு ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது அதன் முடிவு. ஒரு சட்டம் இயற்றுமுன் இப்படி விசாரிக்க வேண்டும் என்று இளம் வழக்கறிஞர்களிடம் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய், வலி தாங்க முடியவில்லை. கஞ்சா எண்ணெய் வாங்கலாமா?

முதலில் ஒன்று கேட்கிறேன்: அம்மாவுக்கு அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் இன்றே வலிநிவாரணப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கடும் வலிக்கு அதுதான் முதல் மருந்து. கீமோவால் வரும் குமட்டலுக்குக் கஞ்சா சார்ந்த மருந்துகள் உதவுவதற்குச் சான்று இருக்கிறது. வலிக்கு அவ்வளவாக இல்லை. புற்றுநோயையே குணமாக்கும் என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

இனி சட்டம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் ஆயுஷ் உரிமத்தோடு இலையிலிருந்து செய்த ‘விஜயா’ (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர்) மருந்துகள், மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கின்றன. லேபிளில் உரிம எண் இல்லாமல் யாரோ கூரியரில் அனுப்பும் எண்ணெய் வேண்டாம். அது பிசினிலிருந்து எடுத்ததாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

பையனுக்கு வலிப்பு. சிபிடி கொடுக்கலாமா?

சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ஒரு வேதிப்பொருள். 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது அதைச் சுத்திகரித்த, அளவு உறுதியான மருந்து. அதுவும் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய கடுமையான வலிப்பு நோய்களுக்கு. ஆன்லைன் எண்ணெயும் அதுவும் ஒன்று என்று நினைக்காதீர்கள். வலிப்புக்குத் தரும் மருந்துகளில் க்ளோபசாமோடு சிபிடி சேர்ந்தால் தூக்கம் அமுக்கும், வால்ப்ரோவேட்டோடு சேர்ந்தால் ஈரல் பாதிக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தில் எதை மாற்றச் சொல்வீர்கள்?

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆதரவாக 27, எதிராக 25 வாக்கு. இந்தியா நீக்குவதன் பக்கம் நின்றது. சந்தோஷம்தான். ஆனால் 1985 சட்டத்தின் 8-ஆம் பிரிவே மருத்துவத் தேவைக்கு விலக்கு தருகிறது. சட்டத்தில் இடம் இருந்தும் நோயாளிக்குக் கிடைக்காமல் போவது எப்படி என்பதற்கு மார்ஃபினே சாட்சி. அதற்கும் விலக்கு இருந்தது. ஆனால் ஒவ்வொரு துறையிடமும் தனித்தனி உரிமம் கேட்டதால் மருத்துவமனைகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம்தான் அதை ஒரே அனுமதியில் முடித்தது. அதுவரை எத்தனை பேர் வலியோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

பிரிட்டனிலும் 2018 நவம்பரில் சட்டம் மாறியது. ஆனாலும் அரசு மருத்துவமனையில் எழுதிக்கொடுப்பது அபூர்வம். பல பெற்றோர் தனியாரிடம் பெருந்தொகை கட்டுகிறார்கள். ஆகவே நான் கேட்பது மூன்று: மார்ஃபினைப் போல ஒரே அதிகாரியிடம் உரிமம், அரசு ஆய்வகம் அளவு சோதித்த மருந்து, அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். மூன்றும் ஒன்றாக வரவேண்டும்.