கரண்ட் வந்ததும் பேட்டரி விலகணும்: 12 வோல்ட் கேள்வி பதில்

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வைஃபை ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டரும் 7 ஏஹெச் பேட்டரியும் வெச்சு, ஆளுக்கொரு டயோடு போட்டுச் சேர்த்திருக்கேன். கரண்ட் இருக்கும்போதே பேட்டரி இறங்குதே, ஏன்?

டயோடுங்கறது ஒரு திசையில் மட்டும் கரண்டை விடற வால்வு மாதிரி. எந்தப் பக்கம் வோல்டேஜ் கூடுதலோ அந்தப் பக்கத்து டயோடுதான் திறக்கும் தம்பி. முழு சார்ஜில் இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலே 12.7 வோல்ட் காட்டும். உங்க அடாப்டரோ 12. அப்புறம் பேட்டரிதானே முந்தும்? யார் முந்தணும்னு நாம முடிவு பண்ண ரிலே போடுங்க, அதாவது உள்ளே இருக்கிற காயிலில் (கம்பிச் சுருளில்) கரண்ட் வந்தா முனையை மாத்தற சுவிட்ச். காயிலை அடாப்டரில் கொடுங்க. காமன் (பொது முனை) ரவுட்டருக்கு, என்.ஓ. (காயிலில் கரண்ட் இருந்தா மட்டும் காமனைத் தொடற முனை) அடாப்டருக்கு, என்.சி. (காயிலில் கரண்ட் இல்லாதப்ப தொடற முனை) பேட்டரிக்கு. கரண்ட் இருக்கிறவரை பேட்டரி முழுசா துண்டிச்சே இருக்கும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்.

அதே தம்பி: போட்டாச்சுண்ணா. கரண்ட் போனா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுது.

ரெண்டு காரணம். முனை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் தொட சில மில்லி செகண்ட் ஆகும். ரவுட்டர் பக்கம் 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கபாசிட்டர் வெச்சா அந்த இடைவெளி தீரும். ஆனா அதை மட்டும் வெச்சா, அதில் இருக்கிற கரண்ட் என்.ஓ. வழியா திரும்பி காயிலையே பிடிச்சுக்கும், ரிலே விடாது. அதனால் அடாப்டர் வயரைக் காயிலுக்குப் பிரிச்ச பிறகு, என்.ஓ.வுக்கு முன்னாடி ஒரு ஷாட்கி டயோடு (1என்5822) கட்டாயம்.

ரெண்டாவது காரணத்தைப் பலரும் கவனிக்கறதில்லை. 12 வோல்ட் ரிலே 9 வோல்ட் வாக்கில் இழுக்கும், விடறதுக்கோ ரொம்பக் கீழே இறங்கணும். அடாப்டருக்குள்ள இருக்கிற கபாசிட்டர் மெதுவா வடியறதுக்குள்ள ரவுட்டர் செத்துடும். 6 வோல்ட் ரிலே வாங்கி, காயிலோட தொடரா 5.6 வோல்ட், 1 வாட் ஜீனர் டயோடு (அந்த 5.6 வோல்ட்டைத் தானே எடுத்துக்கிட்டு மீதியைத்தான் காயிலுக்கு விடும்) போடுங்க. அப்ப 10 வோல்ட் வாக்கில் இழுக்கும், 6 வோல்ட்டுக்குக் கீழே போறதுக்குள்ள விட்டுடும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: ரிலேக்குப் பதிலா பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யற ட்ரான்சிஸ்டர்) ஒண்ணு போதாதுங்களா?

இந்த வேலைக்குப் போதாதுங்க. உள்ளேயே இருக்கிற பாடி டயோடு வழியா 12.7 வோல்ட் பேட்டரி கசிஞ்சு வந்துடும். ரெண்டு மாஸ்ஃபெட்டை முதுகோட முதுகா வைக்கணும்.

ஏற்காடு நாகலூர், காபித் தோட்டம்: விளக்குக்கு இதே ரிலேயைப் போட்டு, அடாப்டர் இடத்தில் சோலார் பேனல் வெச்சேன். பனி மூடினா ரிலே டக்டக்னு அடிச்சுக்கிட்டே இருக்குதுங்க.

அடிக்கத்தான் செய்யும். பனியிலும் பேனல் வோல்டேஜ் நல்லாவே காட்டும், ஆனா ஆம்பியர் வராது. ரிலே இழுத்து லோடு சேர்ந்ததும் வோல்டேஜ் விழும், ரிலே விட்டதும் மறுபடி ஏறும். நம்ம மலைக்குப் பேனலை நேரா ரிலேயில் கொடுக்கறது சரிவராதுங்க. சார்ஜ் கன்ட்ரோலர் வழியா பேட்டரிக்குக் கொடுங்க, விளக்கை எப்பவும் பேட்டரியிலிருந்தே எடுங்க. பனி நாளுக்கு முந்த வேண்டியது கரண்ட் அடாப்டர், அதுக்கு மேலே சொன்ன ரிலே.

சூரமங்கலம்: ஃப்யூஸ் எங்கே வைக்கணும்?

பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள்ளங்க. ரவுட்டருக்கு 2 ஆம்பியர் போதும். ரிலே பக்கம் வெச்சா, நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாத்தாது.