கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நம் போன் கால் விவரங்களை எடுக்கலாமா?

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் இதைக் கேட்டிருக்கிறார். எடுக்கலாம். யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்த டவரில் இருந்தீர்கள் என்ற பட்டியலை விசாரணைக்காக வாங்க, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 94-ஆம் பிரிவு போதும், ஆனால் 2013-இல் உள்துறை போட்ட விதிமுறைப்படி எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வழியாகத்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு மாவட்ட எஸ்பி, சேலம் மாநகரம் என்றால் துணை கமிஷனர்.

பேச்சையே ஒட்டுக்கேட்பது வேறு. அதற்கு வழக்கமாக உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்புக்குப் பிறகு மறுஆய்வுக் குழுவும் அதைப் பார்க்கிறது. பட்டியலுக்கு அப்படியொரு குழு இல்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. எந்த டாக்டர், எந்த வக்கீல் என்று உங்கள் வாழ்க்கையே அதில் தெரிந்துவிடும், அப்புறம் போன் நிறுவனங்கள் அதைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்கவும் வேண்டும்.